நூற்றிருபதும் எண்பதும் மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

"மனிதனின் இயல்பான இரத்த அழுத்தம் யாது?" என்று கேட்டால், நம் கல்லூரியில் விலங்கியல் பயிலும் மாணவர் மட்டுமன்றி வரலாறு பயிலும் மாணவரும் "120/80" என்று நொடியில் விடை கூறிவிடுவர். விடை சரியே. இரண்டு மதிப்பெண் உறுதி. ஆனால், "அந்த எண் எதைக் காட்டுகிறது? எதைக் காட்டாமல் மறைக்கிறது?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பறை மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனத்தைப் பற்றியே இக்கட்டுரை.

இரத்த அழுத்தத்தைத் தனித்து நிற்கும் ஓர் எண்ணாகப் படிப்பதும் படிப்பிப்பதும் பொருந்தாது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவோடும், இரத்தக் குழாய்கள் தரும் தடையோடும் சேர்த்தே அதனைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இது தேர்வுக்காக மட்டும் சொல்லும் கருத்தன்று. வீட்டில் தாய்க்கும் தந்தைக்கும் ஆபத்து வரும் வேளையில் உதவக்கூடிய கருத்து.

மக்கள் எண்ணமும் உண்மையும்

நம் ஊர்களில் "பிரஷர்" என்ற சொல்லை அறியாதவர் இல்லை. "அவருக்குப் பிரஷர், சட்டென்று கோபம் வரும்" என்பார்கள். "நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பிரஷர் ஏறிவிட்டது" என்பார்கள். "பிரஷர் சரியாக இருக்கிறதாம், இனிப் பயமில்லை" என்பார்கள். இம்மூன்று பேச்சுக்கும் அடிப்படை ஒன்றே: அழுத்தம் என்பது இதயத்தின் உழைப்பு, இதயம் வலுவாக உழைத்தால் அழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும் என்னும் நம்பிக்கை.

இந்நம்பிக்கை பாதி உண்மை. மறுபாதியை அறிய வயல் வரப்பில் நின்று பம்புசெட்டைப் பார்த்தாலே போதும். மோட்டார் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள். நீர் சீறிப் பாய்கிறது, குழாய் விம்முகிறது, உள்ளே அழுத்தம் கூடிவிட்டது. ஆனால் வாளி நிரம்ப முன்னிலும் அதிக நேரம் பிடிக்கிறது. அழுத்தம் கூடியது, ஓட்டம் குறைந்தது. இவை இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

உடலியல் நூல்கள் இதனையே ஒரு பெருக்கல் கணக்காகக் கூறுகின்றன. சராசரித் தமனி அழுத்தம் என்பது இதய வெளியேற்றத்தையும் புறத்தடையையும் பெருக்கினால் வருவது. இதய வெளியேற்றம் என்பது ஒரு நிமிடத்தில் இடது வெண்ட்ரிக்கிள் பெருந்தமனிக்குள் செலுத்தும் இரத்தத்தின் அளவு. துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டால் 4,900 மி.லி.; ஏறத்தாழ 5 லிட்டர். நம் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. புறத்தடையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை நுண்தமனிகள். பிரெஞ்சு நாட்டு மருத்துவர் புவாசேய் 1840-களில் வெளியிட்ட விதிப்படி, குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆகவே நுண்தமனிகள் சற்றே சுருங்கினாலும் அழுத்தம் வெகுவாக மாறிவிடும்.

முதலில் அளந்தவர் எதை அளந்தார்?

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர்; ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. இச்சோதனைகளை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார்.

இதுவரை பலரும் அறிந்த செய்தி. இதன் பிறகு அவர் செய்தவையே என் கட்டுரைக்கு முக்கியம். குதிரையின் இரத்தத்தை அளந்து அளந்து வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் குழாயில் உயரம் எவ்வாறு மாறுகிறது என்று குறித்தார். வெண்ட்ரிக்கிளுக்குள் மெழுகை வார்த்து அதன் கொள்ளளவைக் கண்டு, அதனை நாடித்துடிப்பால் பெருக்கி, இதயம் வெளியேற்றும் இரத்தத்தையும் கணக்கிட முயன்றார். அழுத்தத்தை முதலில் கண்டவரே அதனோடு நின்றுவிடவில்லை, ஓட்டத்தையும் தேடினார். பிற்காலத்தில் வந்த நாமோ ஓட்டத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அதற்கும் காரணம் உண்டு. 1896-இல் இத்தாலியரான ரிவா ரோச்சி கையில் சுற்றும் பட்டையை அமைத்தார். 1905-இல் ரஷ்யரான கொரட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்து ஒலி கேட்கும் முறையைக் கூறினார். இரண்டு நிமிடத்தில் அளவு கிடைத்துவிட்டது. இதய வெளியேற்றத்தை அளக்கும் வழியை ஜெர்மானியரான ஃபிக் 1870-இலேயே சொல்லியிருந்தார். உடல் நிமிடத்திற்கு 250 மி.லி. ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, ஒரு லிட்டர் தமனி இரத்தத்தில் 200 மி.லி., நுரையீரலுக்குத் திரும்பும் சிரை இரத்தத்தில் 150 மி.லி. ஆக்சிஜன் உள்ளது என்றால், லிட்டருக்கு 50 மி.லி. வீதம் 5 லிட்டர் ஓடியிருக்க வேண்டும். கணக்கு எளிது. ஆனால் அந்தச் சிரை இரத்தத்தை எடுக்க இதயம் வரை குழாய் செலுத்த வேண்டும். ஆகவே எளிதில் கிடைத்த எண் புகழ் பெற்றது. அரிதில் கிடைத்த எண் நூலகத்தில் தங்கிவிட்டது.

உடல் எதைக் காக்கிறது?

இதய வெளியேற்றம் திடீரென மாறினால் அழுத்தம் என்ன ஆகும்? தடை மாறாதிருந்தால் விடை எளிது: வெளியேற்றம் கூடினால் அழுத்தமும் கூடும், குறைந்தால் குறையும். முதல் ஓரிரு நொடிகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் உயிருள்ள உடலில் தடை மாறாமல் இருப்பதில்லை.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கிறார். ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் கால்களின் சிரைகளில் தேங்குகிறது. இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது; துடிப்பு ஒன்றுக்கு வெளியேறும் அளவும் குறைகிறது; அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. உடனே கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் அச்செய்தியை முகுளத்திற்கு அனுப்புகின்றன. முகுளம் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. நுண்தமனிகள் சுருங்குகின்றன, நாடி நிமிடத்திற்குப் பத்து, இருபது கூடுகிறது. சில நொடிகளில் அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. ஆனால் வெளியேற்றம் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது குறைந்தபடியே இருக்கிறது. அழுத்தம் மட்டும் சரியாகிவிட்டது.

ஊருக்கு நடுவே உள்ள மேல்நிலைத் தொட்டியைப் போன்றது இவ்வேற்பாடு. தொட்டியில் நீர்மட்டம் ஒரே அளவில் இருந்தால்தான் ஒவ்வொரு தெருவும் தனக்கு வேண்டியபோது குழாயைத் திறந்து நீர் பிடிக்க முடியும். அதுபோல, தமனி அழுத்தம் நிலையாக இருந்தால்தான் தசை, குடல், மூளை ஆகியவை தத்தம் நுண்தமனிகளைத் திறந்தும் மூடியும் வேண்டிய இரத்தத்தைப் பெற முடியும். ஆகவே அழுத்தத்தைக் காக்க உடல் பாடுபடுகிறது. அது சிறந்த ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்பாடே நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி, ஓட்டப்பந்தய வீரர். வேகமாக ஓடும்போது வெளியேற்றம் 5 லிட்டரிலிருந்து 20 லிட்டராக உயர்கிறது எனக் கொள்வோம். தடை மாறாதிருந்தால் சராசரி அழுத்தம் 93-லிருந்து நான்கு மடங்காகி 372 மி.மீ. பாதரசத்தை எட்ட வேண்டும். ஆனால் எட்டுவதோ 110 அளவுதான். உழைக்கும் தசைகளில் நுண்தமனிகள் அகன்று, மொத்தத் தடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுவதே காரணம். சிஸ்டாலிக் அழுத்தம் உயர்கிறது; டயஸ்டாலிக் அழுத்தம் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. இதயம் நான்கு மடங்கு உழைத்த செய்தியை அழுத்தமானி நான்கு மடங்காகச் சொல்வதில்லை.

இரண்டாவது சாட்சி, கருவுற்ற தாய். கருவுற்ற காலத்தில் இதய வெளியேற்றம் 30 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. மக்கள் எண்ணத்தின்படி அழுத்தமும் ஏற வேண்டும். ஆனால் இயல்பான கருப்பத்தின் நடுமாதங்களில் அழுத்தம் சற்று இறங்குகிறது! நஞ்சுக்கொடி வழியாகத் திறக்கும் புதிய பாதையும், ஹார்மோன்களால் அகலும் குழாய்களும் தடையை அந்த அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. இக்காலத்தில் அழுத்தம் 140/90-ஐ எட்டினால் மருத்துவர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்வதன் பொருள் இப்போது விளங்கும். இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் அது ஏறியிருக்கிறது.

மூன்றாவது சாட்சிதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது: இரத்தம் இழக்கும் மனிதர். விபத்திலோ பேற்றிலோ ஒருவர் இரத்தம் இழக்கிறார். மொத்த இரத்தத்தில் 15 விழுக்காடு, அதாவது முக்கால் லிட்டர் போனாலும் படுத்திருப்பவரின் அழுத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம். 30 விழுக்காடு, ஒன்றரை லிட்டர் வரையிலும்கூடச் சிஸ்டாலிக் அழுத்தம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் என்றே அவசர மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. அதற்குள் இதய வெளியேற்றம் எவ்வளவோ குறைந்திருக்கும். தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் குழாய்களை இறுக்கிப் பிடித்தே உடல் அந்த எண்ணைக் காப்பாற்றுகிறது. குடும்பத்தின் வறுமையை வெளியே தெரியாமல் காக்க, அடுப்படியில் பட்டினி கிடக்கும் தாயைப் போன்றது இது. பின்னர் ஒரு கட்டத்தில் இறுக்க இயலாமல் போகிறது, அழுத்தம் சரிகிறது. அப்போது காலம் கடந்திருக்கும். பேற்றுக்காலத் தாயின் உடலில் இரத்தம் முன்னரே கூடியிருப்பதால் இந்த மறைவு இன்னும் நீடிக்கும்.

ஆகவே "பிரஷர் சரியாக இருக்கிறது" என்ற சொல் அந்நேரத்தில் ஆறுதலாகாது. நாடி எத்தனை? கையும் காலும் சில்லிட்டிருக்கின்றனவா? முகம் வெளுத்து வியர்க்கிறதா? சிறுநீர் கழித்தாரா? சிஸ்டாலிக் அளவுக்கும் டயஸ்டாலிக் அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறதா? இவை கேட்கப்பட வேண்டும். இயல்பான நிலையில் நாடி 72, சிஸ்டாலிக் 120. ஓய்வில் கிடப்பவரின் நாடி எண் ஏறி, சிஸ்டாலிக் எண் இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் அபாயம் வாசலில் நிற்கிறது என்று பொருள். இதற்குக் கடிகாரமும் மூன்று விரலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

உயர்ந்த அழுத்தம் யாருடைய குற்றம்?

நாள்பட்ட உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் இதயம் மிகையாக இரத்தத்தை வெளியேற்றுகிறதா? பெரும்பாலோரிடம் இல்லை. நிலைத்துவிட்ட நோயில் வெளியேற்றம் இயல்பாகவே இருக்கிறது, தடையே உயர்ந்திருக்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டனும் அவருடைய குழுவினரும் நாய்களின் சிறுநீரகப் பகுதியைப் பெருமளவு அகற்றி, உப்புநீரை மிகையாகக் கொடுத்து 1960-களில் ஆராய்ந்தனர். முதல் சில நாட்களில் இதய வெளியேற்றம் கூடியது, அழுத்தம் ஏறியது. இரண்டு வாரங்களில் வெளியேற்றம் ஏறத்தாழ இயல்புக்குத் திரும்பியது. ஆனால் தடை உயர்ந்துவிட்டதால் அழுத்தம் இறங்கவில்லை. உப்பையும் நீரையும் வெளியேற்றும் சிறுநீரகமே நீண்டகால அழுத்தத்தை நிர்ணயிக்கிறது என்பது கைட்டனின் முடிவு. நரம்புகளுக்கும் குழாய்களுக்கும் அதிகப் பங்கு கொடுத்து இதனை மறுக்கும் அறிஞரும் உளர். ஆயினும் "நெஞ்சு படபடக்கவில்லை, எனவே எனக்குப் பிரஷர் இல்லை" என்பது மட்டும் எந்தக் கட்சிக்கும் ஒவ்வாத வாதம்.

மருத்துவர் தரும் மாத்திரைகளும் இப்பெருக்கல் கணக்கின் வெவ்வேறு உறுப்பைத் தொடுகின்றன. அட்டெனலால் இதயத்தின் வேகத்தைத் தணித்து வெளியேற்றத்தைக் குறைக்கிறது. ஆம்லோடிபின் நுண்தமனிகளை அகலச் செய்து தடையைக் குறைக்கிறது. நீர் பிரியும் மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. "அளவு சரியாகிவிட்டது, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுவோர் நம் தெருவில் எத்தனை பேர்! அளவு சரியானது மாத்திரை இருப்பதால். குழாயின் வாயிலிருந்து விரலை எடுத்தது அந்த மாத்திரைதான். அதை நிறுத்தினால் விரல் மீண்டும் வந்து அடைத்துக்கொள்ளும். தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வாசலுக்கு வந்தால் போதுமா? அதன் காரணம் வீட்டுக்குள் நுழைய வேண்டாமா? அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லும் கடமை, அந்தந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மைப் போன்றோருக்கு இல்லையா?

மறுப்போர்க்கு ஒரு விடை

"இதய வெளியேற்றத்தை நாம் அளக்க முடியாது. அளக்க முடிந்த ஒரே எண்ணையும் குறை கூறினால் எப்படி?" என்று நண்பர்கள் கேட்கலாம். நான் அழுத்தமானியைக் குறை கூறவில்லை. எளிய விலையில், ஊசியின்றி, வலியின்றி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் அளவை வேறு எது? முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் அதனை அளந்துகொள்ள வேண்டும் என்றே சொல்வேன். அளக்கும் கருவி போதாது, படிக்கும் அறிவும் வேண்டும் என்பதே என் வாதம். வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். காய்ச்சலுக்குக் காரணம் மலேரியாவா டைபாய்டா என்று காட்டாது. அதற்காக வெப்பமானியை யாரும் எறிவதில்லை. அதனை மட்டும் நம்பி இருப்பதும் இல்லை.

"நாம் மருத்துவக் கல்லூரி மாணவர் அல்லவே" என்றும் சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் நம்மில் பலருடைய வீடுகளில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்பவர் நாம்தாம். மருத்துவர் சொன்னதைத் தாய்க்கும் பாட்டிக்கும் அவர்கள் மொழியில் எடுத்துரைப்பவரும் நாம்தாம். அந்த வேலைக்கு இரண்டு மதிப்பெண் விடை உதவாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் செய்முறை வகுப்பில் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, ஒரு முறை அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் பெறுகிறோம். அதே கருவியால், அதே ஒரு மணி நேரத்தில், வேறொரு செய்முறையைச் செய்யலாம். நலமுள்ள மாணவர் ஒருவர் ஐந்து நிமிடம் படுத்திருக்கட்டும். நாடியையும் அழுத்தத்தையும் குறிப்போம். எழுந்து நின்றதும் ஒரு முறை குறிப்போம். மாடிப்படி ஏறி இறங்கி வந்ததும் ஒரு முறை. நீர் நிறைந்த வாளியை ஒரு கையில் இரண்டு நிமிடம் அசையாமல் தூக்கி நிற்கும்போது, மறு கையில் ஒரு முறை. படியேறியவருக்கு டயஸ்டாலிக் ஏறத்தாழ மாறாமல் இருப்பதையும், வாளி தூக்கியவருக்கு அதுவும் ஏறுவதையும் மாணவர் கண்ணால் காண்பர். முன்னதில் தசைகள் இயங்கிக் குழாய்கள் திறந்தன; பின்னதில் இறுகிய தசை குழாய்களை நெரித்தது. இதற்குப் புதிய கருவி வேண்டாம். நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

வினாத்தாளிலும் சிறு மாற்றம் வேண்டும். "இரத்த அழுத்தம் வரையறு" என்பதோடு, "ஒருவர் முக்கால் லிட்டர் இரத்தம் இழந்தும் அவருடைய அழுத்தம் மாறாதது ஏன்?" என்றும் கேளுங்கள். முதல் வினாவுக்கு விடை எழுதியவர் தேர்வில் வெல்வார். இரண்டாவதற்கு விடை அறிந்தவர், நள்ளிரவில் பிள்ளை பெற்ற அக்காளின் அருகில் அமர்ந்திருக்கும்போது, "பிரஷர் சரியாக இருக்கிறது" என்ற சொல்லோடு கண்ணயர்ந்துவிட மாட்டார். அவளுடைய மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுவார். அது 110, 120 என்று ஏறினால் செவிலியரை எழுப்புவார்.